முப்பத்தாறு மில்லிமீட்டர்

பாகலூர் சாலை முனிராஜப்பா கடையில்
இரும்புக்கு விலை எடைதான்.
நெளிந்த சக்கரம் இரண்டையும் சேர்த்துத்
தராசில் ஏற்றினார், பதினொன்றரைக் கிலோ.
"ஏமாத்து இரும்பும்மா, கனமே இல்ல."
சலித்துக்கொண்டே நானூற்று அறுபது வாங்கினார்.
கனமில்லாமல் ஆக்க
யாரோ பட்ட பாடு
அந்தத் தராசில் நிற்காது.

என் வேலை அளப்பது.
சிப்காட்டில், இரண்டாம் ஷிப்டில்,
பிரேக் பிஸ்டன்கள் தட்டில் வரும்.
புள்ளி பூஜ்யம் மூன்று கூடினால் சிவப்பு மை.
ஒரு நாளைக்கு அறுநூறு.
கனவிலும் சிலது வரும்.

பெயர் உரிந்துபோன சட்டம் அது.
கத்திரிப்பூ நிறம்,
கழுத்தில் யாரோ ஒட்டிய வேல் ஸ்டிக்கர்.
குழாயும் குழாயும் சேரும் மூட்டில்
வெற்றிலை நுனிபோல் இழைத்த உறை.
அதன் விளிம்பில் பித்தளை
உருகி வந்து, எட்டிப் பார்த்து,
அங்கேயே நின்றுவிட்ட கோடு.

வெர்னியரை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.
கொண்டுவந்தேன்.
இடப்பக்க நுனி வலப்பக்கத்தைவிட
ஒன்று புள்ளி நான்கு நீளம்.
மெஷினுக்கு இப்படிக் கை வராது.
மதியச் சாப்பாட்டுக்கு முன் செய்தது ஒன்று,
பின் செய்தது ஒன்றாக இருக்கலாம்.
அரம் மடியில் கிடந்தது.
அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அதால் வேறொரு பிசிறை எடுத்தேன்.

சீட் தண்டு ஒன்பது நாள் அசையவில்லை.
கெரசின், அம்மோனியா, கெட்டிலில் கொதித்த தண்ணீர்.
"ஹால்ல படுத்திருக்கறது ஆளா சைக்கிளா"
என்றாள் சரளா, அறையில் வாடகை பாதி அவளுடையது.
பத்தாம் நாள் அவளே சட்டத்தைக் கட்டிக்கொண்டு உட்கார,
நான் திருக,
எருமை சேற்றிலிருந்து காலெடுக்கும் சத்தத்தோடு வந்தது.
உள்ளே குளவியின் மண்வீடு,
ஐந்து அறை, ஆளில்லை.
பாட்டில் திருகும் ஓட்டைதான் வாசலாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது பெடல் அச்சின் கிண்ணம்.
இடப்பக்கம் சொன்னபடி கேட்டது,
கழற்றி டப்பாவில் எண்ணெயில் போட்டேன்.
வலப்பக்க மரை தலைகீழ், எல்லோருக்கும் தெரியும்,
கடிகாரம் சுற்றும் பக்கம் திருகினால் கழலும்.
மூன்று இரவு திருகினேன்.
ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி, குழாய் மேல் ஏறி நின்று.
உள்ளங்கை தோல் உரிந்தது.
நான்காம் இரவுதான் தோன்றியது,
டப்பாவில் கிடப்பதை அளக்கலாமே என்று.

முப்பத்தாறு மில்லிமீட்டர்.

ஆங்கிலேய மரை என்றால்
முப்பத்தைந்தைத் தொடாது.
இது இத்தாலிக்காரன் மரை,
இரண்டு பக்கமும் ஒரே திசை.
மூன்று இரவும் நான்
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.
தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிச் சொன்னேன்.
"அளக்கறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்"
என்று திரும்பிப் படுத்தாள்.
மறுபக்கம் ஒரு உதை. கழன்றது.

ரிம் பெங்களூரிலிருந்து
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பஸ்ஸில் வந்தது.
எழுபத்திரண்டு கம்பி.
ஒவ்வொன்றாய்ச் சுண்டி
மந்தமாய் ஒலித்ததை இறுக்கினேன்.
முட்டுக்கு ஒரு தீக்குச்சி.
சக்கரம் உரசாமல் சுற்றியபோது மணி இரண்டரை,
எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய்ந்திருந்தது.
நிறத்தை மாற்றவில்லை.
வேல் ஸ்டிக்கரும் இருக்கட்டும்.

ஞாயிறு விடியுமுன் கெலவரப்பள்ளிச் சாலை.
கியர் குச்சிக்குக் குனியும்போதெல்லாம் வண்டி வளைந்தது,
நானும் சேர்ந்து வளைந்தேன்.
தென்பெண்ணை நுரை பறந்துவந்து சாலையில் கிடந்தது,
நாற்றத்தோடு, பஞ்சுபோல.
மேட்டில் எழுந்து மிதித்தேன்.
இரும்பு லேசாக வளைந்து கொடுத்து
வாங்கியதைத் திருப்பித் தந்தது.
இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டேன்.
கொஞ்சம் இடப்பக்கம் போகப் பார்க்கிறது.
அவருடைய கையா, என் சக்கரமா,
இல்லை என் முதுகேதானா,
அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை.
உடம்பை வலப்பக்கம் சற்றுச் சாய்த்துக்கொண்டேன்.

திங்கள் இரண்டாம் ஷிப்ட்.
புள்ளி பூஜ்யம் நான்கு கூடி ஒரு பிஸ்டன் வந்தது.
அது யாரோ ஒருவருடைய பிரேக்.
சிவப்பு வைத்தேன்.